கை இறங்கிய பிறகு

ஸ்விட்சர்லாந்தில், பேர்ன் நகருக்குப் பக்கத்தில், ஆரபி என்றொரு பெண் இருந்தாள். பனியில் சறுக்கி வந்து, வானத்தில் குட்டிக்கரணம் அடித்து, மறுபடி பனியில் கால் ஊன்றுவது அவள் தொழில்.

அதெல்லாம் ஒரு தொழிலா என்று அவளுடைய அம்மா வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மலைச்சரிவில் பனியைக் குவித்து, இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மேடை கட்டுவார்கள். மேடையின் முகம் சுவர்போல நிமிர்ந்திருக்கும். உச்சியிலிருந்து சறுக்கி வருகிறவர் அதில் ஏறியதும் ஆகாயத்துக்கு எறியப்படுவார். நாலு மாடி வீட்டின் உயரம். அங்கே இரண்டு கரணமோ மூன்று கரணமோ அடித்து, நடுவே உடம்பை முறுக்கிப் பம்பரம்போலச் சுழன்று, செங்குத்தான சரிவில் நின்ற நிலையில் இறங்க வேண்டும். ஒரு பெருமூச்சு விடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆரபி சின்ன வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகினாள். பதினைந்து வயதில் திடீரென்று உயர்ந்துவிட்டாள். கம்பியில் சுற்றும்போது கால் தரையைத் தட்டியது.

"நீ வளர்ந்துவிட்டாய்," என்றார் அங்கிருந்த பயிற்சியாளர். ஏதோ குற்றத்தைச் சொல்வதுபோல் இருந்தது அவர் குரல்.

அன்று சுவரோரத்து வாங்குப் பலகையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் வெரேனா. முப்பது வயதுகூட ஆகவில்லை. அவளும் பனிமேடையில் பறந்தவள்தான். முதுகில் அடிபட்டுப் பறப்பதை விட்டுவிட்டாள். இப்போது பறக்கக்கூடியவர்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்த ஆரபியை வெரேனா வாசலில் மறித்தாள்.

"என்னோடு பனிக்கு வருகிறாயா?"

"நான் இன்று ஒன்றையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கம்பியிலிருந்து விழுந்ததைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள்."

"அதைத்தான் பார்த்தேன். நீ நன்றாக விழுகிறாய்."

ஆரபி வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். கோடையில் பயிற்சி எங்கே என்று அம்மா விசாரித்தார். ஏரிக்கரையில் ஒரு சாய்தளம் இருக்கிறது, அதில் சறுக்கி வந்து தண்ணீருக்குள் விழ வேண்டும் என்றாள் ஆரபி.

"தண்ணிக்குள்ளதானே? அப்ப பரவாயில்லை. உனக்கு நீந்தத் தெரியும்தானே."

மார்கழியில் ஆரபி ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டபோதுதான், குளிர்காலத்தில் தண்ணீர் கிடையாது என்பது அம்மாவுக்குத் தெரிந்தது. அதற்குள் பிள்ளையைத் தடுக்கிற காலம் தாண்டிவிட்டது.

*

"உங்கள் மொழியில் என்னை எப்படிக் கூப்பிடுவாய்?" என்று வெரேனா ஒருநாள் கேட்டாள்.

"ரீச்சர்."

"அது ஆங்கிலம் அல்லவா?"

"இல்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்."

அன்றிலிருந்து வெரேனா எல்லோருக்கும் ரீச்சர் ஆகிவிட்டாள். அணியிலிருந்த மற்றப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். அது அவளுடைய செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ரீச்சரும் ஒரு சொல்லை வாங்கிக்கொண்டாள். வானத்தில் உடம்பு அவசரப்படும். நீண்டிருக்க வேண்டிய நேரத்தில் மடங்கப் பார்க்கும். அப்போது கீழே நிற்கிற பயிற்சியாளர்கள், காத்திரு என்று கத்துவார்கள். ஒரே மலையில் நாலைந்து பேர் ஜெர்மன் மொழியில் கத்தினால், எது தன் ரீச்சரின் குரல் என்று பறக்கிறவளுக்குத் தெரியாது. ஆகவே ரீச்சர் தமிழில் கத்தினாள்.

"பொறு!"

அந்தச் சொல் எந்தக் காற்றிலும் ஆரபியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முந்தியது ரீச்சரின் கை.

உச்சியில் நிற்கிறவருக்குக் கீழே மேடையடியில் காற்று எப்படி அடிக்கிறது என்று தெரியாது. மேடைக்குப் பக்கத்தில் நிற்கிற பயிற்சியாளருக்குத்தான் தெரியும். ரீச்சர் அங்கே சிவப்புச் சட்டையோடு நிற்பாள். கை மேலே இருந்தால், நில். கை இறங்கினால், வா.

மற்றவர்கள் கை இறங்கிய பிறகும் சில நாட்களில் தயங்குவார்கள். ஒரு கால் வைத்துப் பின்வாங்குவார்கள். பாதி வழி வந்து ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. ஆரபி ஒருநாளும் தயங்கியதில்லை. கை இறங்கும், அவள் வருவாள். நூலில் கட்டி இழுத்ததுபோல வருவாள்.

பத்திரிகைக்காரர்கள் அவளைப் பயமறியாதவள் என்று எழுதினார்கள். அம்மா அதைக் கத்தரித்து வைக்கவில்லை.

"பயம் இல்லாத பிள்ளையை நான் பெறேல்லை," என்று மட்டும் சொன்னார்.

*

இருபத்து மூன்றாவது வயதில் ஆரபி விழுந்தாள்.

மூன்று கரணம். காற்றில் பிழை இல்லை, மேடையில் பிழை இல்லை, ரீச்சரின் கணிப்பிலும் பிழை இல்லை. மூன்றாவது கரணத்தில் உடம்பு கொஞ்சம் சாய்ந்தது. அவ்வளவுதான். இடது முழங்காலின் ஜவ்வு அறுந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்து, ஊன்றுகோல் பிடித்து, பிறகு நடந்து, பிறகு ஓடி, அடுத்த வருடக் கடைசியில் மறுபடி உச்சியில் நின்றாள். கீழே ரீச்சரின் கை இறங்கியது. ஆரபி வந்தாள். சுத்தமாகப் பறந்து சுத்தமாக இறங்கினாள்.

மலையில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். ரீச்சர் தட்டவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, ஆரபி இறங்கிய இடத்துப் பனியைக் கொத்தி இளக்கப் போய்விட்டாள்.

ஆரபி யாருக்கும் சொல்லாத ஒன்று இருந்தது. குதிக்கிற நாட்களில் காலையில் அவள் வாந்தி எடுத்தாள். சாப்பாட்டை மாற்றிப் பார்த்தாள். சாப்பிடாமலும் பார்த்தாள். ஒன்றும் மாறவில்லை. உச்சிக்குப் போய் நின்றதும் வயிறு அடங்கிவிடும். அதற்குப் பிறகு கை இறங்குவதும் கால் போவதும் அவளைக் கேட்காமலே நடந்தன.

ஒருநாள் பயிற்சி முடிந்து இருவரும் கீழே நடந்துகொண்டிருந்தார்கள்.

"ரீச்சர், பயம் எப்போது போகும்?"

ரீச்சர் நிற்காமல் நடந்தாள்.

"இன்று எத்தனை தடவை வந்தாய்?"

"ஒன்பதோ பத்தோ இருக்கும்."

"அதில் நீ வந்தது எத்தனை?"

"எல்லாமே நான்தானே வந்தேன்."

ரீச்சர் எட்டி நடந்தாள். ஆரபிக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. தன் இறக்கம் சரியில்லை என்கிறாள்போலும் என்று நினைத்து, அடுத்த வாரம் முழுவதும் இறக்கத்தைப் பழகினாள்.

*

அந்தக் குளிர்காலத்தின் கடைசிப் போட்டி ஒரு உயர்ந்த மலையில் நடந்தது. அடுத்த வருட ஒலிம்பிக்குக்குப் போகும் அணியில் ஒரே ஒரு இடம்தான் மீதி இருந்தது. ஆரபிக்கும் செலீன் என்ற இன்னொருத்திக்கும் இடையில் அந்த ஒரு இடம். ஆரபி மூன்று கரணத்தைச் சுத்தமாக முடித்தால் அது அவளுக்கு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா மலைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கம்பளிச் சட்டை, அதன்மேல் அப்பாவின் குளிர்ச்சட்டை, தலையில் மப்ளர். அப்பா கையில் புட்டும் சம்பலும் அடைத்த பாத்திரம்.

"நீ சாப்பிட்டியோ?" என்று அம்மா கேட்டார்.

"பிறகு அம்மா."

"கண் ஏன் உள்ளுக்குப் போயிருக்கு?"

"ஒண்டும் இல்லை அம்மா. குளிர்."

காலையிலிருந்து காற்று விட்டுவிட்டு அடித்தது. மேடையருகே கட்டியிருந்த துணித் துண்டுகள் துள்ளுவதும் தொங்குவதுமாக இருந்தன. ஒவ்வொருவரும் உச்சியில் நெடுநேரம் நிற்க வேண்டியிருந்தது.

ஆரபியின் முறை வந்தது.

உச்சியில் அவள் சரிவுக்குக் குறுக்காக, சறுக்குப் பலகைகளை அழுத்தி நின்றாள். ஒரு சின்னத் துள்ளலில் பலகைகளைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் போதும். பிறகு நிற்க முடியாது.

கீழே சிவப்புச் சட்டை. மேலே தூக்கிய கை.

அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று ஒரு தடவை வீசி அடங்கியது. துணித் துண்டுகள் தொங்கின. மலை முழுவதும் அமைதியாயிற்று. அதைவிட நல்ல நேரம் அன்று யாருக்கும் கிடைக்கவில்லை.

கை இறங்கியது.

ஆரபியின் குதிகால் எழும்பியது. அந்த நொடியில் அவளுக்குள் ஒரு சொல் வந்தது. தமிழில் வந்தது. ரீச்சரின் குரலில் இல்லை, அம்மாவின் குரலிலும் இல்லை.

வேண்டாம்.

குதிகால் மறுபடி பனியில் பதிந்தது.

அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு கதவு முன்னால் எத்தனையோ வருடம் நின்றுவிட்டு, அது பூட்டியிருக்கவே இல்லை என்று கண்டதுபோல் இருந்தது.

கீழே கை இறங்கியபடியே இருந்தது. காற்று நல்லபடியே இருந்தது. பக்கத்தில் நின்ற தொடக்க அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பலகையில் ஏதாவது கோளாறா?" என்று மெல்லக் கேட்டார். நல்ல மனிதர். ஆமாம் என்று சொன்னால், சரிபார்க்க நேரம் கொடுத்திருப்பார். பிறகு யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இல்லை," என்றாள் ஆரபி. "நான் வரவில்லை."

பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பாதையில் நடந்து இறங்கத் தொடங்கினாள்.

*

அவள் பாதி வழியில் இருக்கும்போது செலீன் அவளைத் தாண்டி வானத்தில் போனாள். மூன்று கரணம். காற்று அசையவில்லை. செலீன் சரிவில் பூப்போல இறங்கினாள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த ஒரு இடம் அப்போதே போய்விட்டது. ஆரபி நின்று, அதைப் பார்த்துவிட்டு, தொடர்ந்து நடந்தாள்.

மேடையருகே அணியின் நிர்வாகி ரெட்டோ ரீச்சருக்கு முன்னால் நின்று கை வீசிக்கொண்டிருந்தார்.

"காற்றுக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை," என்றாள் ரீச்சர்.

"நீ கையை இறக்கினாயா இல்லையா?"

"இறக்கினேன்."

"பின்னே என்ன நடந்தது?"

"அவள் வரவில்லை."

"அது எனக்கும் தெரிகிறது! ஏன் வரவில்லை? முழங்காலா? பலகையா? நான் மேலிடத்துக்கு என்ன சொல்வது?"

"வரவில்லை என்று சொல்லுங்கள்."

ரெட்டோ ஆரபியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு செலீனை வாழ்த்தப் போனார்.

ரீச்சரும் ஆரபியைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் அங்கே என்ன இருந்தது என்று ஆரபியால் சொல்ல முடியவில்லை.

"முதலில் உன் அம்மாவிடம் போ," என்றாள் ரீச்சர்.

அம்மா வேலியோரத்தில் நின்றார். கண்கள் சிவந்திருந்தன. ஆரபி கிட்டப் போனதும் இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தார். கன்னத்தைத் தடவினார், தோளைத் தடவினார், குனிந்து அந்த இடது முழங்காலையும் தொட்டுப் பார்த்தார்.

"நான் கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்," என்றார். "சனம் கத்துற சத்தத்தைக் கேட்டுத்தான் திறக்கிறது எண்டு நினைச்சனான். ஒரு சத்தமும் இல்லை. சரி, எல்லாம் முடிஞ்சுது எண்டு திறந்து பாத்தால், நீ பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வாறாய்."

"தோத்துப்போனன் அம்மா."

"நடந்தெல்லோ வாறாய்!"

அம்மா அப்பாவின் கையிலிருந்த பாத்திரத்தைத் திறந்தார். ஆரபி வேலியில் சாய்ந்து நின்றபடி புட்டை அள்ளிச் சாப்பிட்டாள். உறைப்பில் மூக்கு ஒழுகியது. போட்டி நாளொன்றில் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அப்பா சம்பலை அவள் பக்கம் ஒதுக்கி ஒதுக்கி வைத்தார்.

*

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்தபோது வெயில் இன்னும் இருந்தது. ரீச்சர் மேடையடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆரபி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரீச்சர், நான் உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டேன்."

ரீச்சர் கையுறையைக் கழற்றினாள். வலது கையை நீட்டிக் காட்டினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"குளிரா?" என்று ஆரபி பதறினாள்.

"இல்லை. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். இன்று நீ பார்க்கிறாய்."

"எதற்கு?"

"நான் கையை இறக்குகிறேன். நீ வருகிறாய். என் கணிப்பு சரியாக இருந்தாலும் வருகிறாய், பிழையாக இருந்தாலும் வருவாய். எனக்கு முந்தின நாள் காய்ச்சல் என்றாலும் வருவாய். நீ பனியில் கால் வைக்கும்வரை நான் மூச்சு விடுவதில்லை."

ஆரபி அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்! தூரத்திலிருந்து அது ஒருநாளும் நடுங்கியதில்லை.

"இன்று?" என்று கேட்டாள்.

"இன்று நான் இறக்கிய பிறகு, மேலே ஒருத்தி நின்று யோசித்தாள்." ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மலையில் நான் இத்தனை வருடம் தனியாக நின்றேன், ஆரபி."

தூரத்தில் வேலையாட்கள் கம்பிவேலியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன்," என்றாள் ஆரபி. "வரவில்லை. பசிதான் வந்தது."

"அது நல்லது."

"அந்த இடம் போய்விட்டதே."

"போய்விட்டது."

"உங்களுக்கு வருத்தம் இல்லையா?"

"இருக்கிறது. நாளைக்கும் இருக்கும். அதற்காக இன்றைக்குச் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா?"

*

மறுநாள் காலை மேடையை இடிப்பதாக இருந்தார்கள். ஆரபி விடிந்ததும் ரீச்சரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"இடிக்க முந்தி ஒரு தடவை வரட்டுமா?"

"எதற்கு? புள்ளி போட யாரும் இல்லை."

"தெரியும்."

அன்று காலை அவள் வாந்தி எடுக்கவில்லை. உச்சிக்கு நடந்து போகும்போதுதான் அது ஞாபகம் வந்தது. நின்று, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, மேலே நடந்தாள்.

வேலையாட்கள் கடப்பாரையோடு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். ரீச்சர் மேடைக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கைகளும் சட்டைப் பைக்குள் இருந்தன.

ஆரபி மேலேயிருந்து கூவினாள். "கை!"

ரீச்சர் அசையவில்லை.

ஆரபி காத்திருந்தாள். ரீச்சர் கையை எடுக்கப்போவதில்லை என்று விளங்கியது. அவள் சுற்றிப் பார்த்தாள். துணித் துண்டுகளைப் பார்த்தாள். மேடையின் விளிம்பிலிருந்து பனித்தூள் கிளம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். ஒரு வீச்சைப் போக விட்டாள். இன்னொன்றையும் போக விட்டாள். வேலையாட்களில் ஒருவர் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார்.

பிறகு அவளுக்குப் போக வேண்டும்போல் இருந்தது. போனாள்.

மூன்று கரணம் இல்லை, இரண்டும் இல்லை. உடம்பை நீட்டியபடி பின்பக்கமாக ஒரே ஒரு கரணம். பழகத் தொடங்கிய வருடத்தில் அடித்தது. போட்டியில் அதற்கு மதிப்பே இல்லாததால், பெரியவளான பிறகு அவள் அதை அடித்ததில்லை. அது மெல்லச் சுழன்றது. முதலில் ஆகாயம் வந்தது. பிறகு தலைகீழாக மலைகள் வந்தன. அவற்றின் நுனியில் வெயில் ஏறியிருந்தது. கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவளுக்கு நிறைய நேரம் இருந்தது.

இறங்கி, சறுக்கி, திரும்பி நின்றபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தேநீர் குடித்தவர் கோப்பையை உயர்த்திக் காட்டினார்.

ரீச்சரின் கைகள் இன்னும் பைக்குள்ளேயே இருந்தன.

*

ஒலிம்பிக்குக்குச் செலீன் போனாள். ஆரபியும் அம்மாவும் அதை வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தார்கள். செலீன் பறந்தபோது அம்மா பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது உங்கட பிள்ளை இல்லை அம்மா. திறந்து பாருங்கோ."

"ஆருடைய பிள்ளையெண்டால் என்ன," என்றார் அம்மா. திறக்கவில்லை.

ஆரபி இன்னும் சில குளிர்காலங்கள் போட்டிக்குப் போனாள். ரீச்சர் மறுபடி கையைத் தூக்கினாள், இறக்கினாள். காற்றைச் சொல்ல ஒருவர் வேண்டும் அல்லவா. சில நாட்களில் கை இறங்கியதும் ஆரபி வந்தாள். சில நாட்களில் தலையை ஆட்டிவிட்டு நின்றாள். நின்ற நாட்களிலெல்லாம் ரெட்டோ முணுமுணுத்தார். அந்த மூன்று கரணத்தையும் அவள் ஒரு நல்ல காலையில் அடித்தாள். ஒரு பெரிய போட்டியில் மூன்றாவதாக வந்தாள். பத்திரிகைகள் அவளைப் பயமறியாதவள் என்று எழுதுவதை விட்டுவிட்டன. புள்ளிகளை மட்டும் எழுதின.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியின் நடுவே, நல்லபடி இறங்கிய ஒரு குதிப்புக்குப் பிறகு, அவள் பலகைகளைக் கழற்றினாள்.

"போதும், ரீச்சர்."

"இன்றைக்கா?"

"எல்லாவற்றுக்கும்."

ரீச்சர் அவள் முகத்தைப் பார்த்தாள். முழங்காலைப் பார்க்கவில்லை.

"சரி," என்றாள்.

இருவரும் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார்கள். ஆரபி வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னாள். அம்மா பின்னால் நின்ற அப்பாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு ஒரு பெரிய மூச்சு. ஆரபிக்குச் சிரிப்பு வந்தது.

"உன் அம்மா என்ன சொல்கிறார்?" என்று ரீச்சர் கேட்டாள்.

"இரவைக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். நண்டுக் கறியாம்."

"உறைக்குமா?"

"நிறைய."

பாதை வளைந்தது. பனி குறைந்து அங்கங்கே புல் தெரிந்தது.

"ரீச்சர், ஒன்று கேட்கட்டுமா? கனநாளாகக் கேட்க நினைத்தது."

"கேள்."

"வராமல் நிற்கலாம் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலே அத்தனை வருடம் வந்தேன், விழுந்தேன், திரும்பவும் வந்தேன். உங்களுக்கு முதல் வருடமே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

ரீச்சர் தோளிலிருந்த பலகைகளை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொல்லியிருந்தால், நான் சொன்னேன் என்பதற்காக நின்றிருப்பாய்."